ஒரே கேள்வி, இரண்டு விடை: பொது அறிவில் அடிக்கடி எழும் ஐயங்கள்

வினாடி வினா முடிந்து மதிப்பெண் அறிவித்த பிறகு நடுவரைச் சூழ்ந்துகொண்டு நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை ஒரு சில கேள்விகளையே சுற்றி வருகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் இரண்டு நூல்களை ஒப்பிட்டுப் பார்த்துக் குழம்புவதும் அதே இடங்களில்தான். அந்தக் கேள்விகள், கேட்டவர்கள் கேட்ட விதத்திலேயே இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. படித்துப் பார்த்தால், பல இடங்களில் இரு தரப்பாரும் சரியாகவே சொல்லியிருப்பதும், எதை எங்கிருந்து அளப்பது என்பதை வினா எழுதியவர் சொல்லாமல் விட்டிருப்பதும் தெரியவரும்.

உலகின் மிக உயரமான மலை எவரெஸ்ட்தானே? இதில் என்ன சந்தேகம் இருக்க முடியும்?

கடல் மட்டத்திலிருந்து அளந்தால் எவரெஸ்ட்தான்; அதில் ஐயமில்லை. ஆனால் அடிவாரத்திலிருந்து உச்சி வரை அளந்தால் ஹவாய்த் தீவிலுள்ள மௌனா கியா எரிமலை முந்திவிடும். கடலுக்கு மேலே அது 4,207 மீட்டர்தான் தெரிகிறது என்றாலும், கடலடித் தரையிலிருந்து கணக்கிட்டால் அதன் மொத்த உயரம் 10,000 மீட்டரைத் தாண்டுகிறது.

பூமியின் மையத்திலிருந்து அதிகத் தொலைவில் இருக்கும் உச்சி எது என்று கேட்டால் விடை மீண்டும் மாறும். பூமி நிலநடுக்கோட்டுப் பகுதியில் சற்றுப் புடைத்திருப்பதால், அங்குள்ள ஆரம் துருவ ஆரத்தைவிட ஏறத்தாழ 21 கி.மீ. அதிகம். அந்தப் புடைப்பின் மேல் நிற்கும் ஈக்வடார் நாட்டின் சிம்பராசோ, 6,263 மீட்டர் உயரமே கொண்டிருந்தும், மையத்திலிருந்து பார்க்கையில் எவரெஸ்ட் உச்சியைவிட ஏறத்தாழ 2 கி.மீ. தள்ளி இருக்கிறது. வினாவில் வேறு எதுவும் குறிப்பிடாவிட்டால் கடல் மட்டத்தையே கொள்வது வழக்கம் என்பதால் எவரெஸ்ட் என்றே எழுதலாம்.

எவரெஸ்ட்டின் உயரம் 8,848 மீட்டரா, 8,848.86 மீட்டரா? சில நூல்களில் 8,844 என்றும் இருக்கிறதே?

8,848 என்பது 1950களில் இந்திய நில அளவைத் துறை கண்ட அளவு. 8,844.43 என்பது 2005-இல் சீனா வெளியிட்டது. அது உச்சியிலுள்ள பனிப்படலத்தை விட்டுவிட்டுப் பாறையின் உயரத்தை மட்டும் கொண்டது. 2020 டிசம்பரில் நேபாளமும் சீனாவும் சேர்ந்து அறிவித்தது 8,848.86 மீட்டர். இன்று இதுவே அதிகாரப்பூர்வமான அளவு.

உலகின் மிக நீளமான ஆறு நைல் என்று படித்தோம். இப்போது அமேசான் என்கிறார்களே?

நைல் 6,650 கி.மீ., அமேசான் 6,400 கி.மீ. என்பதே பாடநூல்களில் நிலைத்துவிட்ட கணக்கு. ஓர் ஆற்றை அளக்க அது பிறக்கும் இடமும் கடலில் கலக்கும் இடமும் தெரிந்திருக்க வேண்டும். அமேசானைப் பொறுத்தவரை இரண்டுமே தகராறுக்கு உரியவை. ஆண்டீஸ் மலையில் பல ஓடைகள் அதற்குப் பிறப்பிடமாகச் சொல்லப்படுகின்றன. முகத்துவாரத்திலோ மராஜோ என்னும் பெரிய தீவு நடுவே கிடப்பதால், அதன் எந்தப் பக்கத்து வாயை ஆற்றின் முடிவாகக் கொள்வது என்ற கேள்வி எழுகிறது. 2007-இல் பிரேசில் நாட்டு ஆய்வாளர்கள் தங்கள் கணக்கில் அமேசான் ஏறத்தாழ 6,800 கி.மீ. என்று அறிவித்தபோது இந்த வாதம் சூடு பிடித்தது.

நீளத்தில்தான் இந்த இழுபறி. நீரின் அளவில் போட்டியே கிடையாது: உலகின் ஆறுகளெல்லாம் கடலில் சேர்க்கும் நன்னீரில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அமேசானுடையது.

மிகப் பெரிய பாலைவனம் சஹாரா என்று எழுதியதற்கு மதிப்பெண் தரவில்லை. அண்டார்டிகாவாம். பனி மூடிய இடம் எப்படிப் பாலைவனம் ஆகும்?

புவியியலாளர்கள் பாலைவனத்தை மணலையோ வெப்பத்தையோ வைத்து வகுப்பதில்லை; ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்கும் குறைவாக மழையோ பனியோ பெய்யும் நிலம் என்பதே பொதுவான வரையறை. அண்டார்டிகாவின் உட்பகுதியில் இதைவிட மிகக் குறைவாகவே பனி பொழிகிறது. அங்கே கிடக்கும் பனி பல்லாயிரம் ஆண்டுகளாக உருகாமல் சேர்ந்தது. அதன் பரப்பு ஏறத்தாழ 1.4 கோடி ச.கி.மீ.; சஹாராவின் பரப்பு 92 லட்சம் ச.கி.மீ. வட துருவப் பகுதியையும் சேர்த்தால் சஹாரா மூன்றாம் இடத்துக்குப் போய்விடும்.

ஆயினும் “வெப்பப் பாலைவனங்களுள் பெரியது எது?” என்று கேட்டிருக்க வேண்டியதை “பெரிய பாலைவனம் எது?” என்று சுருக்கிக் கேட்டுவிட்டு மதிப்பெண்ணை மறுப்பது நியாயமில்லை. மறுப்புத் தெரிவிக்க உங்களுக்கு இடமுண்டு.

உலகில் மொத்தம் எத்தனை நாடுகள்? 193, 195, 206, 211 என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.

நான்கு எண்களும் நான்கு வெவ்வேறு பட்டியல்களிலிருந்து வருபவை. ஐக்கிய நாடுகள் அவையின் உறுப்பு நாடுகள் 193; கடைசியாக 2011-இல் தெற்கு சூடான் சேர்ந்தது. பார்வையாளர் தகுதி பெற்ற வத்திக்கானையும் பாலஸ்தீனத்தையும் கூட்டினால் 195. தேசிய ஒலிம்பிக் குழுக்கள் 206. உலகக் கால்பந்துக் கூட்டமைப்பின் உறுப்பினர்கள் 211. இதில் இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்து ஆகியவை தனித்தனி உறுப்பினர்கள்.

ஐ.நா. உறுப்பினராக இருப்பதும் நாடாக இருப்பதும் ஒன்றல்ல என்பதற்கு சுவிட்சர்லாந்து நல்ல சான்று. அந்நாடு ஐ.நா.வில் சேர்ந்ததே 2002-இல்தான். அதற்கு முன்பு அதை நாடு என்று யாரும் ஐயுற்றதில்லை. கொசோவோ, தைவான் போன்றவற்றைச் சில அரசுகள் ஏற்கின்றன, சில மறுக்கின்றன. ஆகவே எந்தப் பட்டியல் என்று சொல்லாமல் இந்தக் கேள்வியைக் கேட்கவே கூடாது என்பது தொகுப்பாளரின் கருத்து.

கண்டங்கள் ஏழு என்றால் ஒலிம்பிக் கொடியில் ஐந்து வளையங்கள் மட்டும் ஏன்?

ஒலிம்பிக் கணக்கில் வட, தென் அமெரிக்காக்கள் ஒன்றாக எண்ணப்படுகின்றன. நிரந்தர மக்கள்தொகை இல்லாத அண்டார்டிகா விடப்படுகிறது. பள்ளிகளிலேயே சில நாடுகள் ஏழு என்றும், சில நாடுகள் இரு அமெரிக்காக்களையோ ஐரோப்பா, ஆசியாவையோ இணைத்து ஆறு என்றும் கற்பிக்கின்றன. நீல வளையம் ஐரோப்பா, மஞ்சள் ஆசியா என்று நிறத்துக்கொரு கண்டத்தைப் பொருத்துவது பிற்காலக் கற்பனை. 1913-இல் அதை வடிவமைத்த பியர் தெ குபெர்தென், பின்னணி வெள்ளையோடு சேர்த்து ஆறு நிறங்களைத் தேர்ந்தது, அன்றைய எல்லா நாட்டுக் கொடிகளின் நிறங்களும் அவற்றுள் அடங்கும் என்பதற்காகவே.

வரைபடத்தில் கிரீன்லாந்து ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிகிறது. அது மட்டும் ஏன் தீவு?

உண்மையில் ஆப்பிரிக்கா அதைப் போல ஏறத்தாழ 14 மடங்கு பெரியது. 1569-இல் மெர்கேட்டர் வகுத்த வரைபட முறை, கப்பலோட்டிகளுக்குத் திசைக்கோடுகள் நேராக அமைய வேண்டும் என்பதற்காகத் துருவங்களை நெருங்க நெருங்க நிலத்தை அகலப்படுத்திக் காட்டுகிறது. அதே முறையைப் பள்ளிச் சுவர்களிலும் மாட்டிவிட்டதால் வந்த குழப்பம் இது.

ஒரு நாட்டுக்கு ஒரு தலைநகரம்தானே? தென்னாப்பிரிக்காவுக்கு மூன்று என்பது உண்மையா?

உண்மைதான். நிர்வாகம் பிரிட்டோரியாவிலும், நாடாளுமன்றம் கேப் டவுனிலும், உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் புளூம்ஃபோன்டைனிலும் உள்ளன. பொலிவியாவின் அரசமைப்புச் சட்டப்படியான தலைநகர் சுக்ரே. அரசு நடப்பதோ லா பாஸில். நெதர்லாந்தின் தலைநகர் ஆம்ஸ்டர்டாம் என்றாலும் அரசும் நாடாளுமன்றமும் தி ஹேக்கில் இருக்கின்றன.

பழைய நூல் வைத்திருப்பவர்கள் கஜகஸ்தானைச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். அதன் தலைநகருக்கு 1998-இல் அஸ்தானா என்று பெயரிட்டார்கள். 2019-இல் நூர்-சுல்தான் ஆக்கினார்கள். 2022-இல் மீண்டும் அஸ்தானா ஆக்கிவிட்டார்கள்.

கடற்கரையின் நீளத்தில் மட்டும் நூலுக்கு நூல் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் வேறுபடுவது ஏன்? யாரும் ஒழுங்காக அளக்கவில்லையா?

அளக்கிறார்கள், அளவுகோல்தான் வேறு. நூறு கிலோமீட்டர் நீளக் கோலைக் கொண்டு வரைபடத்தில் கரையை அளந்தால் சிறு வளைகுடாக்களெல்லாம் தாண்டிப் போய்விடும். ஒரு கிலோமீட்டர் கோலால் அளந்தால் அந்த வளைவுகளுக்குள் புகுந்து வெளிவர வேண்டும், நீளம் கூடும். ஒரு மீட்டர் கோலுக்கு மாறினால் ஒவ்வொரு பாறையையும் சுற்ற வேண்டியிருக்கும். கோல் குறுகக் குறுக நீளம் ஏறிக்கொண்டே போகும்.

இதை முதலில் கூர்ந்து கவனித்தவர் பிரிட்டன் அறிவியலாளர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இடையிலுள்ள ஒரே எல்லையை ஒரு நாடு 987 கி.மீ. என்றும் மற்றது 1,214 கி.மீ. என்றும் குறித்திருப்பதை அவர் கண்டார். அவருடைய கண்டறிதலை எடுத்துக்கொண்டு 1967-இல் பெனுவா மாண்டெல்பிரோ பிரிட்டன் கடற்கரையின் நீளம் குறித்து எழுதிய கட்டுரைதான் எவ்வளவு பெரிதாக்கிப் பார்த்தாலும் அதே போன்ற நெளிவுகள் தெரியும் பகுவியல் (fractal) வடிவங்களைப் பற்றிய ஆய்வுக்கு வழி திறந்தது. நார்வேயில் இதைக் கண்கூடாகப் பார்க்கலாம்: நிலப்பகுதியின் கரையை மட்டும் அளந்தால் 25,000 கி.மீ.க்குச் சற்று மேல்; தீவுகளையும் சேர்த்தால் ஒரு லட்சத்தைத் தாண்டிவிடும். எனினும் எந்தப் பட்டியலிலும் கனடாவே முதலிடத்தில் இருப்பதால், “மிக நீண்ட கடற்கரை கொண்ட நாடு” என்ற வினாவுக்கு ஆபத்தில்லை.

மிகப் பெரிய ஏரி காஸ்பியன் என்றால் அதன் பெயரில் கடல் ஏன் இருக்கிறது?

நான்கு புறமும் நிலத்தால் சூழப்பட்டிருப்பதால் பரப்பளவுப் பட்டியல்களில் அது ஏரி; நீர் உவர்ப்பானது. 2018-இல் கரையோர நாடுகள் ஐந்தும் செய்துகொண்ட உடன்படிக்கை அதைக் கடல் என்றும் சொல்லாமல் ஏரி என்றும் சொல்லாமல் தனித் தகுதி கொடுத்து முடித்துவிட்டது. நன்னீர் ஏரி என்று கேட்டால், பரப்பில் சுப்பீரியர், நீரின் கொள்ளளவில் பைக்கால்.

புளூட்டோவைக் கோள் பட்டியலிலிருந்து ஏன் எடுத்தார்கள்? அது சிறியது என்பதாலா?

வெறும் சிறுமை காரணமன்று. 2005-இல் புளூட்டோவுக்கு அப்பால், ஏறத்தாழ அதே அளவுள்ள ஏரிஸ் கண்டறியப்பட்டதாக அறிவிப்பு வந்தது. ஏரிஸைப் பத்தாவது கோளாக ஏற்பதா, அல்லது கோள் என்பதற்கு வரையறை வகுப்பதா என்ற கட்டாயம் ஏற்பட்டது. 2006 ஆகஸ்ட் 24 அன்று சர்வதேச வானியல் ஒன்றியம் மூன்று நிபந்தனைகளை விதித்தது: சூரியனைச் சுற்ற வேண்டும், தன் ஈர்ப்பால் ஏறத்தாழ உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும், தன் பாதையின் சுற்றுவட்டாரத்தில் பிற பொருள்களை ஒதுக்கித் தானே மேலோங்கியிருக்க வேண்டும். மூன்றாவதில் புளூட்டோ தவறியது.

இப்படிப் பதவி இழந்த முதல் விண்பொருள் அதுவன்று. 1801-இல் கண்டறியப்பட்ட சீரிஸ் பல பத்தாண்டுகள் கோள் என்றே நூல்களில் இருந்து, பிறகு சிறுகோள் ஆகி, 2006-இல் புளூட்டோவோடு சேர்ந்து குறுங்கோள் ஆனது.

அதிக நிலவுகள் உள்ள கோள் வியாழனா, சனியா?

2025 மார்ச் அறிவிப்பின்படி சனி, 274 நிலவுகளுடன். உங்கள் நூல் வியாழன் என்று சொன்னால் அது அச்சான மாதத்தைப் பாருங்கள்: 2023 தொடக்கத்தில் வியாழன் 92 நிலவுகளோடு முந்தியது, அதே ஆண்டு மே மாதத்திலேயே சனி மீண்டும் முன்னுக்கு வந்துவிட்டது.

சூரியனுக்கு மிக அருகில் இருப்பது புதன். அப்படியிருக்க வெள்ளி எப்படி அதிக வெப்பமான கோள்?

புதனுக்குக் குறிப்பிடத்தக்க வளிமண்டலம் இல்லை. பகலில் 430 டிகிரி செல்சியஸ் வரை ஏறும் வெப்பம் இரவில் மைனஸ் 180 வரை இறங்கிவிடுகிறது. வெள்ளியைப் போர்த்தியிருக்கும் அடர்ந்த கார்பன் டை ஆக்சைடு வெப்பத்தை வெளியேற விடாததால் அங்கு இரவும் பகலும் 465 டிகிரி அளவிலேயே இருக்கிறது.

தொலைபேசியைக் கண்டுபிடித்தவர் கிரகாம் பெல் இல்லை என்கிறார்களே, உண்மையா?

காப்புரிமை பெற்றவர் பெல் என்பதில் ஐயமில்லை. 1876 மார்ச் 7 அன்று அது வழங்கப்பட்டது. அவர் சார்பில் விண்ணப்பம் தாக்கலான பிப்ரவரி 14 அன்றே எலிஷா கிரே என்பவரின் முன்னறிவிப்பும் (காப்புரிமை கோரப் போவதாக முன்கூட்டியே தெரிவிக்கும் மனு) அதே அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தது. அதற்கும் முன்பே, 1871-இல், அன்டோனியோ மியூச்சி முன்னறிவிப்புப் பதிந்து, பின்னர் அதைப் புதுப்பிக்காமல் விட்டிருந்தார். 2002-இல் அமெரிக்கப் பிரதிநிதிகள் அவை மியூச்சியின் பங்கைப் பாராட்டித் தீர்மானம் நிறைவேற்றியது.

ஆக்சிஜனின் கதையும் இதேதான். வேதியியலாளர் ஷீலே முதலில் பிரித்தெடுத்தார், ஆனால் 1777-இல்தான் வெளியிட்டார். பிரீஸ்ட்லி 1774-இல் பிரித்தெடுத்து அவருக்கு முன்பே வெளியிட்டார். அது ஒரு தனிமம் என்று விளங்கிக்கொண்டு பெயரிட்டவர் லவாய்சியர். செய்தது, வெளியிட்டது, புரிந்துகொண்டது ஆகிய மூன்றில் எதைக் “கண்டுபிடிப்பு” என்று வினா கொள்கிறது என்பதைப் பொறுத்து விடை அமையும்.

அமெரிக்காவை அடைந்த முதல் ஐரோப்பியர் கொலம்பஸ்தானே?

இல்லை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் லான்ஸ் ஓ மெடோஸ் என்னுமிடத்தில் வட ஐரோப்பியக் கடலோடிகளான வைக்கிங்குகளின் குடியிருப்பு 1960-இல் கண்டறியப்பட்டது. அங்கு உலோகக் கருவியால் வெட்டப்பட்ட மரத்துண்டுகளை ஆராய்ந்தவர்கள் 2021-இல் அதன் காலத்தை ஆண்டுக் கணக்கில் சொல்லிவிட்டார்கள். கி.பி. 993-இல் விண்ணிலிருந்து வந்த கதிர்வீச்சின் சுவடு அக்காலத்து மரங்களின் ஆண்டு வளையத்தில் பதிந்திருக்கிறது. அந்த வளையத்தை அடையாளம் கண்டு, அங்கிருந்து மரப்பட்டை வரை எண்ணிக்கொண்டே வந்தபோது மரம் வெட்டப்பட்ட ஆண்டு 1021 என்று தெரிந்தது. கொலம்பஸ் 1492-இல் இறங்கியது பஹாமாஸ் தீவுகளில். இன்றைய அமெரிக்க ஐக்கிய நாடுகளின் ஐம்பது மாநிலங்களில் எதிலும் அவர் காலடி பட்டதில்லை.

நிலவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியுமா?

தெரியாது. விண்வெளிக்கு எவரும் செல்வதற்குப் பல பத்தாண்டுகளுக்கு முன்பே பரவிவிட்ட கதை இது. சுவர் மிக நீளமானது என்றாலும் அகலம் மிகக் குறைவு; நிறமும் சுற்றியுள்ள மண்ணின் நிறமே. 2003-இல் பூமியைச் சுற்றிவந்த சீனாவின் முதல் விண்வெளி வீரர் யாங் லிவெய், தமக்கு அது தென்படவில்லை என்று கூறியபின் சீனாவிலேயே பாடநூலைத் திருத்துவது பற்றிப் பேச்சு எழுந்தது.

இருபத்தோராம் நூற்றாண்டு 2000-இல் தொடங்கியதா, 2001-இலா?

2001 ஜனவரி 1 அன்று. கி.மு. 1-க்கு அடுத்தது கி.பி. 1, இடையே சுழியம் ஆண்டு இல்லை. எனவே முதல் நூறு ஆண்டுகள் 100-ஆம் ஆண்டின் இறுதியில்தான் நிறைவடைந்தன.

அக்டோபர் புரட்சி நவம்பரில் நடந்தது என்பது அச்சுப்பிழையா?

அச்சுப்பிழை அன்று. ரஷ்யா அப்போது ஜூலியன் நாட்காட்டியைப் பின்பற்றியது; அதன்படி 1917 அக்டோபர் 25. கிரிகோரியன் நாட்காட்டியில் அதே நாள் நவம்பர் 7. ஜூலியன் முறை நான்கால் வகுபடும் எல்லா ஆண்டுகளையும் லீப் ஆண்டாகக் கொண்டதால் காலப்போக்கில் பருவங்களோடு பொருந்தாமல் நழுவியது. 1582-இல் போப் பதின்மூன்றாம் கிரிகோரி அக்டோபர் 4-க்கு அடுத்த நாளை அக்டோபர் 15 ஆக்கி அதைச் சரிசெய்தார். 400-ஆல் வகுபடாத நூற்றாண்டு ஆண்டுகள் லீப் ஆண்டு ஆகா என்ற விதியும் அப்போது வந்தது. அதனால்தான் 1900 லீப் ஆண்டு அன்று, 2000 லீப் ஆண்டு. பிரிட்டன் 1752-இலும், ரஷ்யா 1918-இலும் மாறின.

கலிலியோ இறந்த ஆண்டில் நியூட்டன் பிறந்தார், ஷேக்ஸ்பியரும் செர்வான்டிஸும் ஒரே நாளில் இறந்தார்கள் என்பவை சரியா?

மேலே சொன்ன நாட்காட்டி மாற்றத்தை மறந்தால் மட்டும் சரி. கலிலியோ 1642 ஜனவரி 8 அன்று இறந்தது இத்தாலியின் கிரிகோரியன் கணக்கு. நியூட்டன் 1642 டிசம்பர் 25 அன்று பிறந்தது இங்கிலாந்தின் ஜூலியன் கணக்கு. கிரிகோரியனுக்கு மாற்றினால் 1643 ஜனவரி 4. ஒரே நாட்காட்டியில் வைத்துப் பார்த்தால் ஆண்டு மாறிவிடுகிறது.

ஷேக்ஸ்பியர் இறந்த 1616 ஏப்ரல் 23-ம் ஜூலியன் தேதி. கிரிகோரியனைப் பின்பற்றிய ஸ்பெயினில் அன்று மே 3. ஸ்பெயின் எழுத்தாளரான செர்வான்டிஸ் அதற்குப் பத்து நாள்களுக்கும் முன்னதாகவே, ஏப்ரல் 22 அன்று, மறைந்து மறுநாள் அடக்கம் செய்யப்பட்டவர். இருந்தும் ஏப்ரல் 23-ஐ யுனெஸ்கோ உலகப் புத்தக நாளாகக் கொண்டாடுகிறது. அதில் குறை காண வேண்டியதில்லை.

உலகை முதலில் சுற்றி வந்தவர் மெகல்லன் என்று எழுதலாமா?

பயணத்தைத் தொடங்கியவர் என்று எழுதலாம். 1519-இல் ஐந்து கப்பல்களோடு ஸ்பெயினிலிருந்து புறப்பட்ட மெகல்லன், 1521 ஏப்ரல் 27 அன்று பிலிப்பைன்ஸின் மக்தான் தீவில் நடந்த சண்டையில் கொல்லப்பட்டார். ஹுவான் செபஸ்தியான் எல்கானோ தலைமையில் விக்டோரியா என்னும் ஒரே கப்பல், 18 பேரோடு, 1522 செப்டம்பர் 6 அன்று திரும்பி வந்தது.

திரும்பும் வழியில் கேப் வெர்டே தீவுகளில் உணவுக்காகக் கரையிறங்கியவர்கள் அன்று என்ன கிழமை என்று விசாரித்தார்கள். கப்பலின் குறிப்புப்படி புதன். ஊரார் வியாழன் என்றார்கள். பயணத்தில் நாள் தவறாமல் குறிப்பெழுதிய பிகாஃபெட்டா திகைத்துப்போனார். எண்ணிக்கையில் பிழை இல்லை. சூரியன் போகும் திசையிலேயே மேற்கு நோக்கிச் சென்றதால், அவர்களுடைய ஒவ்வொரு நாளும் 24 மணிநேரத்தைவிடச் சற்று நீண்டது. உலகைச் சுற்றி முடித்தபோது அந்தச் சிறுசிறு மிகைகள் சேர்ந்து முழுதாக ஒரு நாளாகிவிட்டன.

அப்படியென்றால் கிழக்கு நோக்கிச் சுற்றியிருந்தால் ஒரு நாள் கூடியிருக்குமா?

கூடியிருக்கும். இன்று இந்தக் கணக்கைச் சரிசெய்வது பசிபிக் பெருங்கடலில் ஓடும் சர்வதேசத் தேதிக்கோடு. அதன் எந்தப் பக்கம் இருப்பது என்று ஒரு நாடு முடிவை மாற்றினால் நாள் தொலையும் அல்லது இரட்டிக்கும். சமோவா இப்படி மாறியபோது 2011 டிசம்பர் 30 அந்நாட்டில் வரவே இல்லை.

இந்தப் பதிலும் நாட்காட்டி பற்றிய பதிலும் சந்திக்கும் இடம் அலாஸ்கா. ரஷ்யாவிடமிருந்து அமெரிக்கா அதை வாங்கிய 1867-இல், ஜூலியனிலிருந்து கிரிகோரியனுக்கு மாற 12 நாள்கள் முன்னே தாண்ட வேண்டியிருந்தது. தேதிக்கோடு இடம் மாறியதால் ஒரு நாள் பின்னே வர வேண்டியிருந்தது. ஆகவே அங்கு அக்டோபர் 6, வெள்ளிக்கிழமைக்கு அடுத்த நாள் அக்டோபர் 18; அதுவும் வெள்ளிக்கிழமைதான்.